பி.எஸ்சி. இயற்பியல் லேப்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

இளநிலை இயற்பியல் செய்முறை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதியது இது. லேபில் ஒரு கருவி பழுதானால் உடனே தெரிந்துவிடும். விளக்கு எரியாது, முள் நகராது. கற்பிப்பதில் பழுது இருந்தால் அப்படித் தெரியாது. ரெக்கார்டு நிறைந்திருக்கும், ரிசல்ட் வந்திருக்கும், மார்க்கும் போட்டிருப்போம். ஆனால் மூன்று வருடம் முடித்த மாணவர் கையில் ஒரு ஸ்க்ரூ கேஜைக் கொடுத்தால் சுழிப் பிழையை (எதையும் அளக்காதபோதே கருவி சுழியைக் காட்டாமல் தள்ளிக் காட்டுவதை) பார்க்காமலேயே கம்பியை அளப்பார்.

உங்கள் லேபில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதற்கு நேரே போய்விடலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

அறிகுறி: எல்லோருக்கும் விடை கச்சிதமாக வருகிறது

இருப்பதிலேயே மோசமானது இதுதான். மோசம் என்று யாரும் நினைக்காததால் இன்னும் மோசம்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நீளம் ஒரு மீட்டர் என்றால் அலைவு நேரம் சுமார் 2 விநாடி, 20 அலைவுக்கு 40 விநாடி. ஸ்டாப்வாட்சை அமுக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்து 0.2 விநாடி தவறுவது சகஜம். அது நேரத்தில் 0.5%. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் ஈர்ப்பு முடுக்கத்தில் 1%, அதாவது கிட்டத்தட்ட 0.1 மீ/வி². ஆக, நாற்பது பேர் நேர்மையாகச் செய்தால் விடைகள் 9.7-க்கும் 9.9-க்கும் இடையில் சிதறிக் கிடக்க வேண்டும். சிலருடையது அதற்கு வெளியேயும் போகும். நாற்பது நோட்டிலும் 9.80, 9.81 என்றே இருந்தால், கணக்கு விடையிலிருந்து பின்னோக்கி நடந்திருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.783. கன்னியாகுமரிப் பக்கம் அதைவிடவும் கொஞ்சம் குறைவு. 9.81 என்பது லண்டன் மாதிரி ஊர்களுக்குப் பொருந்தும் எண். நம் ஊர் லேபில் 9.81 கொண்டுவந்தவரை நாம் பாராட்டுகிறோம்!

சந்தேகத்தை உறுதி செய்ய சில சோதனைகள் இருக்கின்றன. ட்ராவலிங் மைக்ரோஸ்கோப் ரீடிங்குகளில் கடைசி இலக்கத்தை மட்டும் கீழே கீழே எழுதிப் பாருங்கள். உண்மையில் அளந்திருந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் கலந்து வரும். கற்பனையில் வந்த ரீடிங்கில் 0-ம் 5-ம் அதிகம் தலைகாட்டும், அல்லது ஒரே இலக்கம் அடுத்தடுத்து வராமல் கவனமாகத் தவிர்க்கப்பட்டிருக்கும்.

ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இதைவிட நல்ல சோதனை உண்டு. இரண்டு வெர்னியர்களும் 180° எதிரெதிராக இருந்தாலும் அளவுகோலின் மையமும் சுழலும் அச்சும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் 180°-ஐ ஒட்டி ஓரிரு நிமிடம் முன்னே பின்னே அலையும். அந்தப் பிசகை ஈடுகட்டத்தான் இரண்டு வெர்னியரே வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் எல்லா வரியிலும் வித்தியாசம் சரியாக 180° 0' என்று இருந்தால், இரண்டாவது வெர்னியரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் ரீடிங்கோடு 180-ஐக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ரிசல்ட்டுக்கு மார்க் வைத்தால் ரிசல்ட் வரும், அவ்வளவுதான். மாணவரைத் திட்டிப் பயனில்லை. நாம் எதற்கு மார்க் வைத்தோமோ அதைத்தான் அவர் கொண்டுவந்திருக்கிறார்.

சரிசெய்ய முதல் வேலை, விடை பாடநூலோடு ஒத்துப்போவதற்கு வைத்திருக்கும் மார்க்கை எடுத்துவிடுவது. அதற்குப் பதிலாக, அவர் எழுதிய நிச்சயமின்மை எல்லைக்கும் அவருடைய ரீடிங்குகள் சிதறியிருக்கும் அளவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 9.6 ± 0.2 என்று எழுதி அதற்கான கணக்கையும் காட்டியவருக்கு முழு மார்க். வெறும் 9.80 என்று எழுதியவருக்குப் பாதிகூட வேண்டாம்.

அடுத்து, விடை தெரியாத பொருளைக் கொடுங்கள். நியூட்டன் வளையத்துக்கு லேபிள் கிழித்த நாலைந்து லென்ஸ்கள், முறுக்கு ஊசலுக்கு வேறு வேறு உலோகக் கம்பிகள். சீனியர் ரெக்கார்டு அங்கே உதவாது. ரஃப் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தவறானதை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், முதல் மூன்று ரீடிங் முடிந்ததும் நீங்கள் தேதி போட்டு இனிஷியல் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ‘சார், எனக்கு 9.4 வருது’ என்று ஒருவர் வந்து நின்றால் முகத்தைச் சுளிக்கக் கூடாது. ‘எங்கே போச்சுன்னு நினைக்கிறே?’ என்று கேட்டால் போதும், மற்றவர்களும் உண்மையான எண்ணைக் கொண்டுவரத் தொடங்குவார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லாமல் இரண்டு அளவீடுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். ஊசலை 10° வீச்சில் விட்டாலும் 20° வீச்சில் விட்டாலும் அலைவு நேரம் ஒன்றேதானா? பாடநூல் ஒன்றே என்கிறது. உண்மையில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 0.6% வித்தியாசம் உண்டு. 20 அலைவில் அது கால் விநாடிக்கும் குறைவு, கை தவறும் அளவுக்குள் அமுங்கிவிடும். முதல் சுற்றில் ‘ஒன்றுதான்’ என்பார்கள். ‘சரி, உங்கள் நிச்சயமின்மையைப் பாதியாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்’ என்று அனுப்புங்கள். 50 அலைவு எண்ணும்போது அரை விநாடிக்கு மேல் வித்தியாசம் எட்டிப் பார்க்கும். கூடவே, எண்ணி முடிப்பதற்குள் வீச்சு குறைந்துவிடுகிறதே என்ற அடுத்த பிரச்சினையை அவர்களே கிளப்புவார்கள். அப்போது லேபில் ஏற்படும் சலசலப்பு கேட்க நன்றாக இருக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் இந்த மாதிரி ‘ஒப்பிடு, மேம்படுத்து, மறுபடி ஒப்பிடு’ முறையைச் செய்து பார்த்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களைவிட இவர்கள் தாமாகவே தங்கள் செய்முறையை மேம்படுத்த முன்வந்தது 12 மடங்கு அதிகம். அதற்குப் புதிதாகக் கருவி ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நூலும் குண்டும் போதும்.

அறிகுறி: விடை தள்ளிப் போனால் ‘மனிதப் பிழை’ என்று எழுதிவிடுகிறார்கள்

பேட்ச் முழுக்க முறுக்கு ஊசலில் விறைப்புக் குணகம் 8% தள்ளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் தள்ளுகிறார்கள் என்பதே துப்பு. தற்செயலான தவறு என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும்.

சூத்திரத்தில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் இருக்கிறது. கம்பியின் விட்டம் 0.50 மி.மீ., ஸ்க்ரூ கேஜின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஒரு பிரிவு தவறினால் 2%, அது நாலால் பெருகி 8%. சுழிப் பிழை ஒரு பிரிவு உள்ள ஸ்க்ரூ கேஜை எல்லோரும் மாறி மாறி வாங்கி அளந்திருந்தால் பேட்ச் முழுக்க அதே 8%-ஐச் சுமக்கும். ஆனால் அவர்கள் நோட்டைப் பாருங்கள். அலைவு நேரத்துக்கு நீளத்துக்கு நீளம் மும்மூன்று ட்ரையல், கம்பியின் விட்டத்துக்கு மொத்தமே இரண்டு ரீடிங். நேரத்தை ஒருமுறை ஒழுங்காக எடுத்தாலே 0.5%-க்குள் நின்றுவிடும். உழைப்பெல்லாம் தேவையில்லாத இடத்தில் போயிருக்கிறது.

இதற்கு மருந்து, ரீடிங் எடுப்பதற்கு முன்னாலேயே பத்து நிமிடம் கணக்குப் போட வைப்பது. ஒவ்வோர் அளவுக்கும் எதிர்பார்க்கும் நிச்சயமின்மை எத்தனை சதவீதம், சூத்திரத்தில் அது எத்தனை மடங்காகும், எது பெரியது? அந்தச் சின்ன அட்டவணையை உங்களிடம் காட்டிய பிறகுதான் கருவியைத் தொடலாம். அதைப் போட்டவர் கம்பியைப் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளப்பார். நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இருக்காது.

‘மனிதப் பிழை’ என்ற சொல்லுக்கு என் லேபில் மார்க் கிடையாது. எந்த மனிதர், எந்தத் திருகு, எத்தனை பிரிவு என்று சொல்ல வேண்டும்.

அறிகுறி: ஸ்பெக்ட்ரோமீட்டரில் ரீடிங் எடுக்கிறார்கள், செட் பண்ணத் தெரியவில்லை

காலையிலேயே லேப் அசிஸ்டென்ட் அண்ணன் எல்லாவற்றையும் செட் பண்ணி வைத்துவிடுவார். மாணவர் வந்து உட்கார்ந்தால் ஸ்லிட் கத்தி மாதிரிக் கூர்மையாகத் தெரியும். மீதி இருப்பது வெர்னியர் வாசிப்பது மட்டும். மூன்று மணி நேர வகுப்பில் கற்க வேண்டிய முக்கால்வாசியை அண்ணன் கற்றுக்கொண்டுவிட்டார்.

அவரிடம் சொல்லி, ஒவ்வொரு பேட்ச் வருவதற்கு முன்னும் டெலஸ்கோப், கோலிமேட்டர், பிரிசம் டேபிள் மூன்றையும் கலைத்துவிடச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் பாதிப் பேருக்கு ரிசல்ட் வராது. பரவாயில்லை.

மதிப்பிடுவது சுலபம், ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். பக்கத்தில் நின்று கையை மட்டும் பாருங்கள். டெலஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி, தூரத்து மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ ஃபோகஸ் செய்கிறாரா? தலையை லேசாக அசைத்து, குறுக்குக் கம்பியும் பிம்பமும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்கிறாரா? அப்புறம்தான் முக்கியமான கட்டம். டெலஸ்கோப்பைக் கோலிமேட்டர் பக்கம் கொண்டுவந்ததும் ஸ்லிட் மங்கலாகத் தெரியும். அப்போது அவர் கை எந்தத் திருகுக்குப் போகிறது? கோலிமேட்டர் திருகுக்குப் போனால் இணைக்கற்றை என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்திருக்கிறது. டெலஸ்கோப் திருகுக்கே மறுபடி போனால் ஜன்னல் பக்கம் திருப்பியது வெறும் சடங்கு. இந்த ஒரு அசைவு ஐந்து வைவா கேள்விகளுக்குச் சமம்.

சிறும திசைமாற்றக் கோணத்திலும் அப்படித்தான். பிம்பம் ஒரு பக்கம் போய், நின்று, திரும்புகிற இடத்தை இரண்டு பக்கமிருந்தும் அணுகிப் பார்க்கிறவருக்கு மார்க். ஒரே பக்கத்திலிருந்து வந்து ‘இங்கேதான் சார்’ என்று நிறுத்துபவருக்கு இன்னொரு வாய்ப்பு.

கணக்கில் திடீரென்று 330° என்று கோணம் வந்தால், வெர்னியர் 360°-ஐத் தாண்டியிருக்கிறது. 350°-இலிருந்து 20°-க்குப் போனது 30°. அதைக் கழிப்பதற்கு முன் அளவுகோலை ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொன்னால் போதும்.

அறிகுறி: ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண்

மைக்ரோஸ்கோப் என்றால் பெரும்பாலும் திருகின் பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது திருகு கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றுவது. எப்போதும் ஒரே திசையில் நகர்த்தி வந்து நிறுத்தச் சொல்லுங்கள், தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வர வேண்டும். அப்படியும் மாறினால் இடமாறு தோற்றப் பிழை, அதாவது கண்ணை நகர்த்தினால் ரீடிங்கும் நகர்வது. அதுவும் இல்லையென்றால் அது கோளாறே இல்லை, இயல்பான சிதறல். நியூட்டன் வளையத்தின் விளிம்பு மங்கல். அதில் குறுக்குக் கம்பியை 0.002 செ.மீ.க்குள் நிறுத்துவதே பெரிய விஷயம். எண் மாறுவது குற்றமில்லை என்று மாணவருக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான்.

அறிகுறி: சர்க்யூட் வேலை செய்யாவிட்டால் உடனே ‘சார்!’ என்று கை தூக்குகிறார்கள்

படத்தைப் பார்த்து இணைப்பார்கள். முள் நகராவிட்டால் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள், அல்லது உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்களும் போய் ஒரு வயரை அழுத்திவிட்டு வருவீர்கள், வேலை செய்யும். அவர் கற்றுக்கொண்டது: சார் கை ராசியான கை.

பிழை தேடுவதைத் தனிப் பாடமாகவே எடுங்கள். வரிசை இதுதான்: முதலில் பவர் சப்ளையின் முனையில் மின்னழுத்தம் இருக்கிறதா, பிறகு சர்க்யூட்டின் நடுவில் இருக்கிறதா. நடுவில் இருந்தால் கோளாறு அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். மறுபடி பாதியாக்கு. அளப்பதற்கு முன் என்ன வர வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். ஜீனர் சர்க்யூட்டில் தொடர் மின்தடைக்கு முன்னால் 10 வோல்ட், பின்னால் 5.6 வோல்ட் வரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாதவருக்கு, மீட்டர் என்ன காட்டினாலும் அதில் செய்தி இல்லை.

தேர்வுக்கு மூன்று நான்கு போர்டுகளில் வேண்டுமென்றே கோளாறு வைத்துத் தயாராக வைத்திருங்கள். மல்டிமீட்டரின் மில்லியாம்பியர் ஃபியூஸ் போயிருப்பது நல்ல கோளாறு, மீட்டரையே சந்தேகிக்க வைக்கும். பிரெட்போர்டின் ஓரத்து மின்வரிசை பல போர்டுகளில் நடுவில் அறுந்திருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆசிலோஸ்கோப் தெரிந்த மாணவருக்கு இன்னொன்று: அதன் தரை கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு இணைந்தது. பவர் சப்ளையின் எதிர்முனையும் எர்த் ஆகியிருக்கும்போது கிளிப்பைத் தொடர் சர்க்யூட்டின் நடுவில் மாட்டினால் ஒரு பகுதி ஷார்ட் ஆகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு இதைச் செய்யவிடுங்கள்.

பத்து நிமிடம் கொடுங்கள். கோளாறைக் கண்டுபிடித்ததற்கு மார்க் கொஞ்சம் போதும், தேடிய வரிசைக்குத்தான் பெரிய மார்க். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி எழுதச் சொன்னால் நீங்கள் பக்கத்தில் நிற்கவே தேவையில்லை.

அறிகுறி: வரைபடம் அழகாக இருக்கிறது, ஆனால் அது எதையும் சொல்வதில்லை

புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள், அல்லது கோட்டை வம்பாக ஆதிப்புள்ளி வழியே இழுத்திருப்பார்கள். இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும். ஊசலின் நீளத்துக்கும் நேரத்தின் இருமடிக்கும் போடும் வரைபடத்தில் கோடு ஆதிப்புள்ளியை விட்டு விலகிப் போனால், அநேகமாக நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை அளந்திருப்பார்கள். வெட்டுத்துண்டிலிருந்து (கோடு அச்சை வெட்டும் இடத்திலிருந்து) எத்தனை செ.மீ. விடுபட்டது என்றுகூடச் சொல்லிவிடலாம். சாய்வு மாறாததால் விடையும் கெடாது. கோட்டை ஆதிப்புள்ளிக்குள் திணித்தவருக்கு இந்தத் துப்பும் போச்சு, விடையும் கெட்டது.

எனவே கேள்வியை மாற்றுங்கள்: ‘வெட்டுத்துண்டு எவ்வளவு, ஏன்?’ இதற்கு இரண்டு வரி பதில், ரெக்கார்டில் எழுதும் அரைப் பக்கச் செய்முறை விளக்கத்தைவிட மேல். அந்த விளக்கத்தை எழுதச் சொல்வதையே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. எப்படியும் பார்த்து எழுதுவதுதான்.

அறிகுறி: ஒருவர் செய்கிறார், இன்னொருவர் எழுதுகிறார்

இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவில் முதல் வாரமே வேலை பிரிந்துவிடும், பிறகு வருடம் முழுக்க மாறாது. ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுக்களில் திருகு யார் கையில், பேனா யார் கையில் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பேசித் திருத்த முடியாது. ரீடிங் தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பார்த்தவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, பாதியில் கை மாற வேண்டும் என்று விதியாக்கிவிடுங்கள். செமஸ்டரில் ஒருமுறையாவது தனித்தனியாகப் பத்து நிமிடக் கைத்தேர்வு வையுங்கள்.

கருவி போதாததுதான் காரணம் என்றால் மாணவர்களின் செல்போன்களையே கருவியாக்கலாம். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைபாக்ஸ்’ செயலி இலவசம். முடுக்கமானி, மைக்ரோஃபோன், காந்தப்புல உணரி எல்லாவற்றையும் அளவீட்டுக்குத் திறந்துவிடும். கணினியோடு இணைப்பதற்கு டெல்லியின் ஐ.யு.ஏ.சி. (பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம்) உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ பெட்டி உண்டு.

அறிகுறி: எல்லோருக்கும் 40-க்கு 38

மார்க் ஆளைப் பிரித்துக் காட்டவில்லை என்றால் மதிப்பெண் பட்டியல் பழுது. 50 மார்க் என்றால் நான் பிரிப்பது இப்படி: கருவியைச் சரிசெய்தல் 10, அளவீடும் ரஃப் நோட்டும் 15, நிச்சயமின்மைக் கணக்கு 10, முதல் சுற்றுக்குப் பிறகு எதையாவது மாற்றி மறுபடி செய்தது 10, வைவா 5. ரிசல்ட்டுக்குத் தனியாக மார்க் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் படிநிலை எழுதி வையுங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 0 முதல் 3 வரை நாலு படியில் இப்படி அட்டவணைகள் தயாரித்திருக்கிறார்கள். நம் லேபுக்கு நாமே எழுதிக்கொள்ளலாம். பிழையின் மூலம் என்ற தலைப்புக்கு: ஒன்றுமே எழுதாவிட்டால் 0. ‘மனிதப் பிழை, கருவிப் பிழை’ என்று பொதுவாக எழுதினால் 1. எந்த அளவீட்டில் என்று பெயர் சொன்னால் 2. எண் போட்டு, எது பெரியது என்று காட்டி, அதைக் குறைக்க ஏதாவது செய்திருந்தால் 3.

இரண்டு ஆசிரியர்கள் மார்க் போடுகிறீர்கள் என்றால் தொடங்குவதற்கு முன் அதே மூன்று நோட்டுகளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுங்கள். ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறை மாணவரிடம் இல்லை, படிநிலை எழுதிய விதத்தில்.

வைவாவில் ‘ஹூக் விதி என்ன?’ என்று கேட்பது வீண். அது தியரித் தாளிலேயே வந்துவிடும். அவர் மேசையில் இருக்கும் ரீடிங்கைக் காட்டி, ‘இந்த நாலாவது வரியில் மட்டும் ஏன் தள்ளிப் போச்சு?’ என்று கேளுங்கள்.

அறிகுறி: நாற்பது பேர், ஆசிரியர் ஒருவர், யார் கையையும் பார்க்க நேரமில்லை

எல்லோரையும் எல்லாத் திறனிலும் பார்க்க நினைத்தால் ஒருவரையும் பார்க்க முடியாது. வாரத்துக்கு ஒரே ஒரு திறன், ஏழெட்டுப் பேர். இந்த வாரம் சுழிப் பிழை, அடுத்த வாரம் பேக்லாஷ். பெயர்ப் பட்டியலில் 0 முதல் 3 வரை ஓர் எண் குறித்தால் போதும். திறன்கள் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தாலும் செமஸ்டர் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நேரடிக் குறிப்புகள் சேர்ந்துவிடும். சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உங்கள் பாடத்திட்டம் இடம் கொடுத்தால் குறைத்துவிடுங்கள். பதினைந்து சோதனையை ஒரேயொரு முறை ஓட்டுவதைவிட எட்டை இரண்டிரண்டு முறை செய்வது எவ்வளவோ தேவலை.

பல்கலைக்கழகத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை நீங்கள் மாற்ற முடியாமல் இருக்கலாம். எக்ஸ்டெர்னல் வந்து ரிசல்ட்டைத்தான் முதலில் பார்ப்பார். அப்படியானால் மேலே சொன்னதையெல்லாம் இன்டர்னல் மார்க்கில் வையுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. எக்ஸ்டெர்னலிடம் தேர்வு தொடங்குவதற்கு முன்பே, ‘எங்கள் பசங்க ரிசல்ட்டோடு ± போட்டுத்தான் எழுதுவார்கள், அதன் கணக்கையும் ஒருதரம் பாருங்கள் சார்’ என்று சொல்லிவிடுங்கள்.